திறமைப் பேணலில் ஊழியரின் பங்கு

கொல்கத்தா மாநகரின் தென்மேற்குப் புறத்தில், ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது கார்டன் ரீச். தமிழகத்தை விட்டு வந்து வங்கத்தில் வாழும் நம்மவர் பலருக்கு இப்பெயர் புதிதன்று. தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. 1887-இல் தோன்றிய வங்காள நாகபுரி ரயில்வேயின் வழிவந்து, 1955 ஆகஸ்டு 1-ஆம் நாள் தனி ரயில்வேயாக அமைந்தது அது. இதே பகுதியில் உள்ள மற்றொரு பெரிய நிலையம் கார்டன் ரீச் கப்பற்கட்டுத் தளம். 1884-இல் ஆற்றுக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தொடங்கி, 1934-இல் கம்பெனியாகப் பதிவு பெற்று, 1960-இல் மத்திய அரசின் உடைமையாயிற்று. நாடு விடுதலை பெற்றபின் இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதற் போர்க்கப்பல் என்று பெயர் பெற்ற 'அஜய்', 1961-இல் இத்தளம் அளித்த கப்பலேயாகும். 2019-இல் இத்தளம் தன் நூறாவது போர்க்கப்பலைக் கடற்படையிடம் ஒப்படைத்தது.

ஒரு பட்டறை நூறு போர்க்கப்பல்களைக் கட்டும் தளமாக வளர்ந்தது எதனால்? இயந்திரங்களை விலைக்கு வாங்கலாம், வரைபடங்களையும் வாங்கலாம். ஆனால் இரும்புத் தகட்டை வளைக்கும் கையையும், வளைந்தது போதும் என்று அறியும் கண்ணையும் கடையில் வாங்க இயலாது. அவற்றைத் தேடிச் சேர்த்து, பயிற்றி, உரிய இடத்தில் அமர்த்தி, விட்டுப் போகாமல் காத்தல் வேண்டும். இதைத்தான் இக்காலத்தில் 'டாலண்ட் மானேஜ்மென்ட்' என்று வழங்குகின்றனர். 1997-இல் மெக்கின்சி என்னும் அமெரிக்க ஆலோசனை நிறுவனம், திறமையாளருக்காக நிறுவனங்கள் நடத்தும் போட்டியை ஒரு போர் என்றே வருணித்தது. அதன்பின் இக்கருத்து உலகெங்கும் பரவியது. தமிழில் இதனைத் 'திறமைப் பேணல்' என்று நாம் கூறலாம்.

திறமைப் பேணல் என்றவுடன் அது நிர்வாகத்தின் வேலை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வாறு எண்ணுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரங்கள், ஆளை அறிந்து பணியை ஒப்படைக்கும் கடமையை அரசன்மேல்தான் வைக்கின்றன. ஆயினும் அரசன் அறியவேண்டுமானால், அறியத்தக்கது அவன் கண்ணில் படவேண்டும் அன்றோ? இந்த இடத்தில்தான் ஊழியரின் பங்கு தொடங்குகிறது. அதைப் பற்றித் தமிழில் தெளிவாகப் பேசும் நூல் ஒன்று உண்டு. அது அரசியல் நூல் அன்று, இலக்கண நூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலே அது.

ஒரு நூலுக்கு முன்னுரையாகிய பாயிரத்தை யார் எழுதலாம் என்று கூறுமிடத்தில், நூலாசிரியன் தானே எழுதலாகாது என்கிறார் பவணந்தியார். எத்துணைப் பெரிய புலவனாயினும் தன்னைத் தான் புகழ்வது தகுதியன்று என்பது பொதுவிதி. ஆனால் உடனே அதற்கு விலக்கும் வகுக்கிறார். நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துரைக்கலாம்: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய வேளையில், எதிரி தன்னைப் பழிக்கும்போது. புலவனுக்குச் சொன்ன இந்நான்கும், இன்று அலுவலகத்திலும் ஆலையிலும் பணிபுரியும் எவருக்கும் அப்படியே பொருந்துவதை நாம் காணலாம்.

முதலாவது, ஓலை விடுத்தல். மத்திய அரசு அலுவலகங்களில் ஆண்டுதோறும் எழுதப்படும் பணித்திற மதிப்பீட்டு அறிக்கையை நேயர்கள் அறிவார்கள். பழைய நாளில் அதன் பெயர் இரகசிய அறிக்கை. இன்றைய அறிக்கையில் ஒரு பகுதியை ஊழியரே நிரப்பவேண்டும். அதற்குத் தன்மதிப்பீடு என்று பெயர். 2009-இல் வகுக்கப்பட்ட கால அட்டவணைப்படி, ஏப்ரல் 15-க்குள் அதனை மேலதிகாரியிடம் சேர்ப்பிக்க வேண்டும். பின்னர் மேலதிகாரி ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இடுவார். செய்த வேலைக்கு நூற்றுக்கு நாற்பது பங்கு, தனிப்பண்புகளுக்கு முப்பது, பணித்தேர்ச்சிக்கு முப்பது. எட்டுக்கு மேற்பட்டால் 'மிகச் சிறப்பு'. ஆறு முதல் எட்டு வரை 'மிக நன்று'. நான்கு முதல் ஆறு வரை 'நன்று'.

இத்தனை பெரிய தராசில் முதற் கல்லை இடுபவர் ஊழியரே. ஆனால் நம்மவரில் பலர் அந்தப் பகுதியில் என்ன எழுதுகின்றனர்? 'ஒப்படைத்த பணிகளைச் செவ்வனே செய்தேன்' என்று ஒரே வரி. ஆண்டுதோறும் அதே வரி. அடக்கம் நம் பண்பாடு என்பது உண்மையே. ஆனால் அடக்கம் என்பது வேறு, கணக்குக் காட்டாமை என்பது வேறு. 'ஆண்டின் தொடக்கத்தில் என் மேசையில் நிலுவையில் இருந்த ஓய்வூதியக் கோப்புகள் அறுபது, ஆண்டிறுதியில் எட்டு, அவ்வெட்டும் நிற்பதற்குக் காரணம் பிற அலுவலகத்திலிருந்து வரவேண்டிய சான்றுகள்' என்று எடுத்துக்காட்டாக ஒருவர் எழுதினால், அதில் தற்புகழ்ச்சி எங்கே இருக்கிறது? எண்ணும் தேதியும் உள்ள உண்மையே இருக்கிறது. மேலதிகாரிக்கும் அது உதவி. பத்துப் பதினைந்து பேருக்கு அறிக்கை எழுதும் ஒருவர், ஓராண்டுக்கு முன் யார் என்ன செய்தார் என்பதை எல்லாம் நினைவில் வைத்திருத்தல் அரிது. ஆகவே மாதந்தோறும் ஒரு குறிப்பேட்டில் நான்கு வரி எழுதி வைப்பது நலம்.

எழுத்துப் பணி செய்வோருக்கு மட்டும் உரிய அறிவுரை அன்று இது. கப்பற்கட்டுத் தளத்தில் பணிபுரியும் வெல்டரை எடுத்துக் கொள்வோம். கப்பலின் உடற்பகுதியில் பற்றவைக்க அனுமதி பெற, அவர் குறித்த நிலைகளில் பற்றவைத்துக் காட்டித் தேர்ச்சிச் சான்று பெறவேண்டும். தட்டையாகக் கிடக்கும் தகட்டில் பற்றவைப்பது ஒரு தேர்ச்சி. தலைக்கு மேல் அண்ணாந்து பற்றவைப்பது வேறொரு தேர்ச்சி. அச்சான்றும் என்றென்றைக்குமாகத் தரப்படுவதன்று. அவ்வகை வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறார் என்பதற்குப் பதிவு இருந்தால்தான் அது உயிரோடிருக்கும். பதிவு விட்டுப்போனால், கையில் திறமை இருந்தும் அவர் மீண்டும் சோதனைக்கு நிற்க நேரிடும். தம் சான்றின் காலக்கெடுவைத் தாமே குறித்து வைத்திருக்கும் வெல்டர், திறமைப் பேணலில் தம் பங்கைச் செய்தவராகிறார்.

இரண்டாவது, தன் ஆற்றலை அறியாதவரிடையே இருத்தல். வெளி மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இது நித்திய அனுபவம். ஊரிலே ஒருவருடைய கைத்திறனைச் சொல்ல மாமன் உண்டு, பள்ளித் தோழன் உண்டு, தெருவே உண்டு. இங்கே அந்தச் சாட்சிகள் இல்லை. இன்ன வேலை தெரியும் என்று நாம் சொன்னாலொழிய, அது தெரியும் என்று கருதுவார் எவருமில்லை. கணக்கியலில் பட்டயம் பெற்றவர், அது பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பணியில் சேர்ந்தபின் பெற்ற பட்டங்களும் பயிற்சிச் சான்றுகளும் தாமே நடந்து சென்று பதிவேட்டில் ஏறமாட்டா. நகலை இணைத்து விண்ணப்பம் கொடுத்து, பதிவான பக்கத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துக் கொள்வதே முறை.

இவ்விடத்தில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. ஆற்றலை அறிவிக்க ஒரு மொழி வேண்டுமன்றோ? இந்தி அறியாத மத்திய அரசு ஊழியருக்கென்று பிரபோத், பிரவீண், பிராக்ய என்னும் படிப்புகள் அரசுச் செலவில் நடத்தப்படுகின்றன. தாய்மொழி தமிழாக உள்ளவர் முதற்படியாகிய பிரபோத்திலிருந்தே தொடங்கலாம். விதிப்படி தேர்வவர்க்கு ஊக்கத் தொகையும் உண்டு. அலுவலகத்திற்கு இதுவென்றால், கார்டன் ரீச்சில் பட்டறைக்கும் படகுத்துறைக்கும் வங்காளி இன்றியமையாதது. உடன் பணிபுரிபவர் பேசும் மொழியில் பத்து வாக்கியம் பேசத் தெரிந்தவரிடம் வேலையின் நுட்பம் தானே வந்து சேரும். பிறமொழி கற்பதால் தமிழ் குறைந்துபோவதில்லை. தமிழரின் திறமை அறியப்படும் இடம்தான் விரிகிறது.

ஊருக்கு ஊர் வேலை பகிரப்படும் இக்காலத்தில் இத்தேவை இன்னும் மிகுந்துள்ளது. நீர்மூழ்கிக் கப்பல்களைக் கரையோரத்தில் தேடி எதிர்க்கும் சிறு போர்க்கப்பல்கள் எட்டினைக் கட்ட, 2019-இல் கார்டன் ரீச் தளம் ஒப்பந்தம் பெற்றது. அவற்றுள் நான்கின் கட்டுமானம், எல் அண்டு டி நிறுவனத்துடன் கூட்டாக, சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் தளத்திற்குப் பகிரப்பட்டது. அவ்வரிசையில் முதலாவதாகிய 'அர்ணாலா' காட்டுப்பள்ளியில் நீரில் இறக்கப்பட்டு, 2025 ஜூன் 18-இல் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. ஒரு கப்பலின் வேலை இரண்டு மாநிலங்களில் நடக்கையில், ஒரு தளத்துப் போர்மன் மனத்தில் மட்டும் பதிந்திருக்கும் திறமைக்கு மற்றத் தளத்தில் மதிப்பேது? காகிதத்தில் உள்ளதே கடல் தாண்டும்.

மூன்றாவது, அவையில் வெல்லவேண்டிய வேளை. இக்காலத்தில் அந்த அவை இலாகாத் தேர்வாக வருகிறது. ரயில்வேயில் மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவு அதிகாரியாக உயர்வதற்கு இரு வாயில்கள் வைக்கப்பட்டுள்ளன. நூற்றுக்கு எழுபது இடங்கள் பணிமூப்பைத் தழுவிய தெரிவினால் நிரப்பப்படும். எஞ்சிய முப்பது, வரையறுக்கப்பட்ட இலாகாப் போட்டித் தேர்வினால் நிரப்பப்படும். முதல் வாயிலில் காலம் நமக்காக வேலை செய்கிறது; இரண்டாவதில் நாமே வேலை செய்யவேண்டும். பட்டறைத் தொழிலாளருக்கும் படிக்குப்படி தொழிற்சோதனை உண்டு. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கையை வாசியாமலும், விண்ணப்பக் கடைசித் தேதியைத் தவறவிட்டும், 'நமக்கெங்கே கிடைக்கப் போகிறது' என்று ஒதுங்கியும் எத்தனையோ பேர் இரண்டாம் வாயிலை மூடிக்கொள்கின்றனர்.

இந்த அவைக்கு ஆயத்தம் செய்துகொள்ளவும் இப்போது வழிகள் பெருகியுள்ளன. அரசு ஊழியரின் திறன் வளர்ச்சிக்காகக் கர்மயோகி இயக்கம் என்னும் திட்டத்தை 2020 செப்டம்பர் 2-இல் மத்திய அமைச்சரவை ஏற்றது. அதன்படி அமைந்த இணையவழிப் பாடங்களை ஊழியர் தம் இருக்கையிலிருந்தே கற்கலாம். ஆனால் சான்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகவே பாடங்களைத் திறந்து மூடுவது வீண். தமக்கு மேலுள்ள பதவியில் இருப்பவர் நாள்தோறும் என்ன செய்கிறார், அதில் தமக்குத் தெரியாதது எது என்று ஒரு பட்டியல் எழுதி, அதற்கேற்ற பாடத்தைத் தேர்ந்து படிப்பதே பயன் தரும்.

நான்காவது, தன்னைப் பழிக்கும்போது. பழிப்பு என்பது எப்போதும் வசைச்சொல்லாக வருவதில்லை. சில வேளை பாராட்டைப் போலவும் வரும். எல்லைச் சாலைப் பிரிவில் பணிபுரிந்த பொறியாளர் ஒருவருக்கு ஓராண்டு அறிக்கையில் 'நன்று' என்று எழுதப்பட்டிருந்தது. பதவி உயர்வுக்கோ ஐந்தாண்டுகளும் 'மிக நன்று' என்றிருத்தல் வேண்டும். 'நன்று' என்பது பழிச்சொல் அன்று என்று கருதியதால் அது அவருக்கு அறிவிக்கப்படவேயில்லை. அறியாத ஒரு சொல்லினால் அவர் உயர்வை இழந்தார். தேவ் தத் எதிர் இந்திய ஒன்றியம் என்னும் இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 மே 12-இல் தீர்ப்பளித்தது. நல்லதாயினும் அல்லதாயினும் அறிக்கையில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவும் ஊழியருக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். 2013-இல் மூன்று நீதிபதிகள் அடங்கிய ஆயம் இதனை உறுதி செய்தது.

இத்தீர்ப்பை ஒட்டி, 2009 மே 14-இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. அதன்படி அறிக்கை முழுவதும் ஊழியரிடம் காட்டப்படவேண்டும். அவர் பதினைந்து நாட்களுக்குள் முறையீடு செய்யலாம். ஒரு மனிதர் நீதிமன்றப் படியேறி நமக்கெல்லாம் பெற்றுத் தந்த பதினைந்து நாட்கள் அவை. அவற்றின் அருமை 2016 முதல் இன்னும் கூடிற்று. பத்து, இருபது, முப்பது ஆண்டுப் பணிக்குப் பின் கிடைக்கும் ஊதிய உயர்வுத் திட்டத்திற்கும் 'நன்று' போதாது, 'மிக நன்று' வேண்டும் என்று அவ்வாண்டில் அளவுகோல் உயர்த்தப்பட்டது. ஆகவே அறிக்கையைக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாகாது. குறைத்து மதிப்பிட்டிருப்பின், சினமில்லாத நடையில், தேதியும் கோப்பு எண்ணும் காட்டி முறையிடவேண்டும். அதிகாரியின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நம் வேலையைப் பற்றி எல்லாச் சொல்லும் வேண்டும். குறை மெய்யாகவே நம்முடையதாயின், அதனை ஏற்று அடுத்த ஆண்டில் நீக்கிக்கொள்வதும் திறமைப் பேணலேயாகும்.

இவ்வளவும் நிலையான பணியில் உள்ளவருக்குப் பொருந்தும். ஒப்பந்தத்தில் உழைப்பவர் என் செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆண்டறிக்கை இல்லாதவருக்குச் சான்றின் தேவை இன்னும் மிகுதி. தொழிற் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலை பற்றிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் கேட்டால், அவர் செய்த வேலையின் விவரங்களுடன் ஒப்பந்தக்காரர் அனுபவச் சான்று தரவேண்டும் என்று அது விதிக்கிறது. 'கேட்டால்' என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். கேளாதவருக்கு அது கிடைக்கும் என்ற உறுதியில்லை. பள்ளிச் சான்று இன்றிக் கைப்பழக்கத்தால் தொழில் கற்றவருக்கு, முன்னரே கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடும், 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற்றது.

இவற்றையெல்லாம் கூறுவதால், பொறுப்பு முழுவதும் ஊழியருடையதே என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. பயிற்சிக்கு அனுப்பாத நிர்வாகம், தேர்வு நடத்தாத இலாகா, வேண்டியவருக்கு மட்டும் வாய்ப்பளிக்கும் மேலாளர் ஆகியோரின் குறையை ஊழியரின் குறிப்பேடு தீர்த்துவிடாது. விளக்கை மரக்காலால் மூடி வைப்பவர் இருக்கும்வரை விளக்கின்மேல் குற்றமில்லை. ஆயினும் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். எரிகிறது என்பதற்குச் சாட்சியும் இருக்கவேண்டும். அந்தச் சாட்சியைத் தேடி வைப்பது நம் கையில் உள்ளது.

இறுதியாக, நன்னூலார் கூறிய மற்றொன்றையும் எண்ணிப் பார்ப்போம். நூலாசிரியன் தானே பாயிரம் எழுதலாகாது என்றால், வேறு யார் எழுதலாம்? அவனுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்குத் தக்க உரை எழுதுபவன் என்று நால்வரைக் குறிக்கிறார். மேலதிகாரி, உடன் பணிபுரிபவர், கீழ்ப்பணிபுரிபவர் ஆகிய எல்லாரிடமும் ஒருவரைப் பற்றிக் கருத்துக் கேட்கும் முறை இக்காலத்தில் புதுமையாகப் பேசப்படுகிறது. அதன் வித்து நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது.

இந்நால்வருள் மாணாக்கனைத் தேடிக்கொள்வது முற்றிலும் நம்மைப் பொறுத்தது. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, ஆண்டுதோறும் இளைஞர்கள் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் பயிற்சிக்கு வருகின்றனர். தொழிலின் நுட்பத்தைச் சொன்னால் தம் இடம் போய்விடும் என்று அஞ்சி மறைப்பவரும் உண்டு. அவர் ஓய்வு பெறும் நாளில் முப்பது ஆண்டுப் பழக்கமும் அவரோடு வாயிலைக் கடந்து போய்விடுகிறது. நிறுவனத்திற்கும் நட்டம், அவருடைய பெயருக்கும் நட்டம். இயந்திரத்தின் ஓசை மாறுவதைக் கேட்டே பழுதைச் சொல்லும் ஃபிட்டர், அந்த ஓசையைப் பக்கத்தில் நிற்கும் பையனுக்குக் கேட்கப் பழக்கட்டும். கோப்பின் போக்கறிந்த எழுத்தர், புதிதாக வந்தவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்கட்டும். அவர்கள் தமிழராயினும் வங்காளியராயினும் பீகாரியராயினும் நமக்கு மாணாக்கரே. நாம் பணியை விட்டு நீங்கிய பின்னும் நம் திறமைக்குப் பாயிரம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தாம்.